கேம்பர்வெல் பையனின் குரல்

பல்கலைக்கழக விடுதியில் நண்பனின் மடிக்கணினியில்தான் 'காசாபிளாங்கா' பார்த்தேன். எல்லாருக்கும் ஹம்ஃப்ரி போகார்ட்டைப் பிடிக்கும். எனக்குப் பிடித்துப்போனது அந்தப் போலீஸ் கேப்டன் ரெனோ. லஞ்சம் வாங்குவான், பெண்களிடம் வழிவான், காற்று அடிக்கிற பக்கம் சாய்வான். ஆனால் வாயைத் திறந்தால் அத்தனையும் மன்னிக்கத் தோன்றும். வெண்ணெய் தடவின மாதிரி ஒரு குரல். நடித்தவர் கிளாட் ரெயின்ஸ். பெரிய வீட்டுப் பிள்ளை, ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் பக்கம் படித்தவர் என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன்.

ரொம்பத் தப்பு. 1889ல் தென்லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் பிறந்தவர் அவர். ஏழைக் குடும்பம், அப்பாவும் நடிகர். சின்ன வயதில் பேசியது கெட்டியான காக்னி, அதாவது லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சு. அது போதாதென்று நாக்கில் 'ர' வராது. தன் பெயரையே 'வில்லி வெயின்ஸ்' என்றுதான் சொல்ல வருமாம். பத்து வயதிலேயே மேடையேறினார். அப்புறம் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ என்ற பெரிய நடிகரின் நாடகக் கொட்டகையில் எடுபிடி வேலை. நடிகர்களை மேடைக்குக் கூப்பிடுவது, வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பது. பையனிடம் ஏதோ இருக்கிறது என்று ட்ரீக்குத் தோன்றியிருக்கிறது. தன் காசைப் போட்டு உச்சரிப்புப் பயிற்சிக்கு அனுப்பினார். நாம் கேட்கும் அந்தக் குரல் பிறப்பில் வந்ததல்ல. உட்கார்ந்து, பயிற்சி பண்ணிக் கட்டியது.

பிறகு முதல் உலகப்போர். லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் சேர்ந்தார். அதே படைப்பிரிவில் பேசில் ராத்போன், ரொனால்ட் கோல்மன், ஹெர்பர்ட் மார்ஷல் ஆகியோரும் இருந்தார்கள். மார்ஷல் போரில் ஒரு காலை இழந்தார். ரெயின்ஸ் 1916ல் விமி பகுதியில் விஷவாயுத் தாக்குதலில் சிக்கினார். வலது கண் பார்வை ஏறக்குறைய முழுதாகப் போனது. சாதாரண சிப்பாயாகப் போனவர் கேப்டனாகத் திரும்பினார். அந்தக் கண்ணைப் பற்றி ஊருக்குத் தெரியாமலேயே பார்த்துக்கொண்டார். இனி படம் பார்க்கும்போது கவனியுங்கள், நமக்கும் தெரியாது.

இருபதுகளில் லண்டன் மேடையில் பெயர் வாங்கினார். ட்ரீ 1904ல் தொடங்கிய 'ராடா' நாடகக் கல்லூரியிலேயே ஆசிரியரானார். அவரிடம் படித்தவர்களில் ஜான் கீல்குட்டும் சார்ல்ஸ் லாட்டனும் உண்டு. 'ர' சொல்ல வராத பையன் இங்கிலாந்தின் அடுத்த தலைமுறைக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்! இருபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க் மேடையில் நடித்தார்.

சினிமா ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. 1920ல் ஒரே ஒரு மௌனப்படம், அவ்வளவுதான். பிறகு ஒரு படத்துக்காகத் தேர்வுக் காட்சியில் நடித்துக் கொடுத்தார், எடுபடவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட இயக்குநர் ஜேம்ஸ் வேல், இவர்தான் வேண்டும் என்று நின்றார். படம், எச்.ஜி. வெல்ஸ் நாவலை வைத்து எடுத்த 'தி இன்விசிபிள் மேன்', 1933. ரெயின்ஸுக்கு அப்போது 44 வயது. படம் முழுக்கக் கட்டுப்போட்ட தலை, கறுப்புக் கண்ணாடி, அல்லது வெறும் சட்டை. முகம் தெரிவது கடைசி சில நொடிகளில், செத்துக் கிடக்கும்போது.

பொறியாளன் என்பதால் அந்தத் தந்திரம் எப்படி என்று தேடாமல் இருக்க முடியவில்லை. ஜான் ஃபுல்டன் செய்த வேலை அது. சுவர், தரை எல்லாம் கறுப்பு வெல்வெட். நடிப்பவரையும் தலைமுதல் கால்வரை கறுப்பு வெல்வெட்டால் மூடி, மேலே சாதாரண உடுப்பு மாட்டினார்கள். கேமராவில் உடுப்பு மட்டும் பதியும். அதைத் தனியாக எடுத்த அறைக் காட்சியோடு சேர்த்து அச்சிட்டார்கள். உள்ளே இருப்பவர் மூச்சுவிடக் குழாய் வைக்க வேண்டியிருந்தது. சில காட்சிகளில் ரெயின்ஸுக்குப் பதில் வேறொருவர் நின்றார்.

தலையை மூடிய உறை, மூச்சுக்குக் குழாய். இதைப் படித்தபோது எனக்குப் பதுங்குகுழிதான் ஞாபகத்துக்கு வந்தது. இயக்குநர் வேல் அதே போரில் ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்தவர். திரைக்கதை எழுதிய ஆர்.சி. ஷெரிஃப் 1917ல் பாஷண்டேலில் காயம்பட்டவர். நடித்தவர் விஷவாயுவில் கண்ணை இழந்தவர். இந்த மூன்று பேரும் சேர்ந்து, ஒரு ரசாயனம் உடம்பையும் புத்தியையும் அழித்த, கண்ணுக்குக் கட்டுப்போட்ட மனிதனின் கதையை எடுத்திருக்கிறார்கள். பேய்ப்படம் என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். 1933ல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த முன்னாள் சிப்பாய்களுக்கு அந்தக் கட்டுப்போட்ட தலை புதிதாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு வெற்றிதான். துணை நடிகருக்கான ஆஸ்கர் பட்டியலில் நான்கு முறை பெயர் வந்தது, ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 1951ல் 'டார்க்னஸ் அட் நூன்' நாடகத்துக்கு டோனி விருது. 1962ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் அந்த நரித்தந்திர அதிகாரி. 1967ல் இறந்தார்.

எங்கள் வேலையில் கேமராவை அணைத்துவிட்டுப் பேசும் கூட்டங்கள்தான் அதிகம். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் என் குரல் தானாக மாறிவிடும். 'லா'வெல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். பக்கத்து அறையிலிருந்து தங்கச்சி, "யாருண்ணே பேசுனது?" என்று கேலி செய்வாள். வெட்கமாக இருக்கும். போலி என்று தோன்றும். ரெயின்ஸைப் படித்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேம்பர்வெல் பேச்சை அவர் விட்டதில் ஓர் இழப்பு இருக்கிறது. வேறு குரலில் பேசினால்தான் மேடை என்று ஒரு சமுதாயம் சொன்னது அநியாயம்தான். ஆனால் அந்தப் புதுக் குரலும் அவர் உழைத்து வாங்கியது. அதை அவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

மகள் ஜெசிக்கா சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 'இன்விசிபிள் மேன்' மறுபடி திரையிட்டபோது அப்பா அவளை ஒரு சின்ன ஊர்க் கொட்டகைக்குக் கூட்டிப் போகிறார். கடும் குளிர். தொப்பி, கழுத்துத் துணி என்று முகமே தெரியாமல் சுற்றியிருக்கிறார். டிக்கெட் கேட்க வாயைத் திறந்ததும் அங்கிருந்தவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். காசு வேண்டாம், சும்மா போங்கள் என்றாராம். ரெயின்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. முழுக் காசையும் கொடுத்துவிட்டுத்தான் மகளோடு உள்ளே போனார்.