ஸ்காபரோவில் நடத்தல்: ரொறன்ரோத் தமிழரின் நடைவெளி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ரொறன்ரோத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் 2009 மே 10ஆம் நாளைத் தவறாது குறிப்பிடுவர். ஸ்படைனா வீதியின் ஏறுபாதை வழியே கார்டினர் விரைவுசாலைக்குள் அன்று ஆயிரக்கணக்கானோர் நடந்து புகுந்தனர். பாதசாரிக்கு இடமே இல்லாத அச்சாலை பல மணிநேரம் அடைபட்டது. அதே சமூகம் நாள்தோறும் நடந்த நடையோ ஆய்வாளரின் கவனத்தை அரிதாகவே பெற்றுள்ளது. உடல்நலத்துக்காக உலாத்தும் முதியவரின் பாதையும் குடிபெயர்வு வரலாற்றின் சான்றுகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1983இன் பின் வந்தோரில் பலர் முதலில் தங்கியது வெல்லெஸ்லி, பார்லிமென்ட் வீதிகளை அண்டிய சென்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளிலாகும். கடை, வேலை, சுரங்க ரயில் நிலையம் ஆகியன கால்தொலைவில் இருந்தமையால் அங்கு நடத்தல் தனித்து எண்ணப்படாத செயலாக இருந்தது. 1990களில் வீடு வாங்கிக் கிழக்கே ஸ்காபரோவுக்குச் சென்றபோது அந்நிலை மாறியது.

ஸ்காபரோவின் வீதியமைப்பு நடப்போருக்காக வகுக்கப்பட்டதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலஅளவையாளர் 66 அடிச் சங்கிலியால் அளந்து, நூறு சங்கிலிக்கு ஒரு வீதியாக, ஏறத்தாழ 2 கிலோமீற்றர் இடைவெளியில் வயல்களைக் கட்டங்களாகப் பிரித்தனர். இரண்டாம் உலகப்போரின் பின் அவ்வயல்வீதிகளே பல தடங்கள் கொண்ட பெருஞ்சாலைகளாக அகன்றன. வீடுகள் அவற்றுக்கு முதுகு காட்டி, உயர்ந்த மரவேலிகளுக்குப் பின்னால் ஒதுங்கின. யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்கும் வேலி உண்டு. ஆனால் அவ்வேலியில் படலை உண்டு. படலையடியில் பேச்சு உண்டு. ஸ்காபரோவின் பெருஞ்சாலை வேலிகளிலோ படலை இல்லை. ரொறன்ரோவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடப்போரின் நிலையை ஆராய்ந்த போல் ஹெஸ், ஜேன் ஃபாரோ ஆகியோர் வேலித் தடைகளையும், குடியிருப்போர் தாமாகவே மிதித்து உண்டாக்கிய ஒற்றையடிப்பாதைகளையும் பதிவுசெய்துள்ளனர்.

இவ்விடத்திற்குத்தான் பிள்ளைகளின் அனுசரணையில் வந்த பெற்றோர் வந்துசேர்ந்தனர். கார் ஓட்ட அறியாதவர்களுக்குப் பகல் முழுதும் பேரப்பிள்ளைகளும் நான்கு சுவர்களுமே துணை. நீரிழிவுக்கு மருத்துவர் நடக்கச் சொன்னார். கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்து பழகியவர்களுக்கு, எங்கும் போய்ச் சேராத நடை ஒன்று முதன்முறையாக விதிக்கப்பட்டது. பனிக்காலத்தில் 1973இல் திறக்கப்பட்ட ஸ்காபரோ டவுன் சென்டர் போன்ற அங்காடி வளாகங்களின் கூடங்கள் நடைபாதைகளாயின. (நகர்மையத்தை உயர்த்திப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: பழைய நகரின் பல பகுதிகளில் நடைபாதைப் பனியை வீட்டுக்காரரே அகற்ற வேண்டியிருந்த காலத்தில், ஸ்காபரோவில் அதனை மாநகரின் இயந்திரங்கள் அகற்றின.)

கோடை நடைக்கு வழிசெய்தது ஒரு பேரழிவு. 1954 அக்டோபர் 15இல் வீசிய ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 உயிர்களைக் கொண்டது. அதன்பின் ஆற்றுப்பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுதல் தடுக்கப்பட்டு, 1957இல் அமைந்த பாதுகாப்பு அதிகாரசபையின் முயற்சியால் அந்நிலங்கள் பொதுவுடைமையாயின. ஹைலன்ட் ஓடையோரத் தொம்சன் நினைவுப் பூங்காவும் மோர்னிங்சைட் பூங்காவும் அவ்வகைப் பள்ளத்தாக்கு வெளிகளே. தமிழர் பெருமளவில் வருவதற்கு மூன்று தசாப்தங்களுக்கு முன் நிகழ்ந்த வெள்ளம், அவர்தம் மாலை நடைக்குரிய வெளியை இவ்வாறு காத்து வைத்தது. 2018இல் அறிவிக்கப்பட்ட மெடோவே திட்டமோ, உயரழுத்த மின்கம்பிகளின் கீழுள்ள 16 கிலோமீற்றர் நிலத்தை டொன் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் வரை இணைக்க முற்படுகின்றது.

ஆயினும் பூங்காவை அடையப் பெருஞ்சாலையைக் கடக்க வேண்டும். ரொறன்ரோவில் வாகனம் மோதி இறக்கும் பாதசாரிகளில் முதியோரின் பங்கு அவர்தம் தொகைக்கு மிஞ்சியது. மாநகரம் 2016இல் வீதிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்றது. சமிக்ஞை விளக்கு தொலைவிலும் பேருந்துத் தரிப்பிடம் எதிரிலும் இருக்கும்போது நடுவீதியிற் கடப்பவரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007இல் ரொறன்ரோவில் தொடங்கிய ஜேன் நடைகளில் குடியிருப்போரே தம் அயலைக் காட்டி விளக்குகின்றனர். அம்முறையைத் தமிழ் வாய்மொழி வரலாற்றுக்கும் கொள்ளலாம். அமர்ந்து பேசும் நேர்காணலில் வெளிவராத கடை, வாடகைவீடு, பேருந்துக் காத்திருப்பு ஆகியவை நடந்துகொண்டு பேசும்போது நினைவில் எழும். 1980களில் வந்தோர் முதுமையடைந்துவிட்டமையால் காலம் குறைவு. சமூகத்தினரின் நன்கொடையுடன் தமிழ் இருக்கைக்கான 30 இலட்சம் டொலர் 2021இல் நிறைவுற்ற ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம், ஹைலன்ட் ஓடைப் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே உள்ளது. நடைபாதை அதன் கீழே செல்கின்றது.