இறவாரத்திலிருந்து நிலவறைக்கு

அகமத் ஷா 1411-இல் நிறுவிய அகமதாபாத் நகரின் ‘போள்’ எனப்படும் பழந்தெருக்களில், பல வீடுகளின் முற்றத்தின் கீழே ‘டாங்கா’ என்னும் நிலவறைத் தொட்டி உண்டு. அவ்வூர்க் கிணறுகள் பலவும் உவர்ப்புடையவை. ஆதலின் குடிநீரை வானமே தரவேண்டியிருந்தது.

கூரைநீரை இறவாரத்தின்கீழ் அமைந்த தூம்பு ஏந்திக் குழாய்வழியே இறக்கும். தாங்கிகளின்மேல் அத்தூம்பு வாயை நோக்கிச் சிறிதே சாய்ந்திருத்தல் வேண்டும். ஒரு தாங்கி தளர்ந்தால் அவ்விடம் தொய்ந்து நீர் தேங்கும். தேங்கிய நீரின் கனமே அடுத்த தாங்கியையும் பெயர்த்துவிடும். ஒரு குடும்பத்தின் ஆண்டுக் குடிநீர் இச்சிறு தாங்கிகளை நம்பியிருந்தது என்றால், அவற்றை அறைந்த தச்சனின் பொறுப்பு எளியதன்று! முதல் மழை கூரையைக் கழுவிக்கொண்டு வெளியே போகும். பின்வரும் நீரே தொட்டியை அடையும். சுண்ணச் சாந்து பூசிய அவ்வறையில் ஒளி புகாமையால் பாசி படர்வதில்லை.

1891-இல் நகராட்சித் தலைவர் ரண்சோட்லால் சோட்டாலாலின் முயற்சியால் குழாய்நீர் வந்தது. நகரின் முதற் பஞ்சாலையை நிறுவியவரும் அவரே. குழாய்நீரை ஐயுற்று எதிர்த்தோரும் இருந்தனர். நாளடைவில் குழாய் பழகிப்போயிற்று. தூம்பைச் செப்பனிடுவோர் அருகினர். தூம்பு பழுதுற்ற வீட்டில் டாங்காவும் வறண்டது.

2017-இல் இப்பழநகரை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சில வீடுகளில் டாங்கா நீரை இன்றும் இறைத்துப் பருகுகின்றனர்.