நீலக்கல் முனையும் இசைத்தட்டும்: சப்ரகமுவவிலிருந்து ஒரு பார்வை

கிராமபோன் பெட்டியின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிற்சாலைகளை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. ஆனால் அப்பெட்டிக்குத் தேவைப்பட்ட மூலப்பொருள்களை நோக்கின், அவற்றுள் மூன்று இலங்கையின் சப்ரகமுவ மாகாண மண்ணுக்குரியவை என்பது புலப்படும். கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கம் தரும் காரீயம், தட்டைச் சுழற்றும் சுருள்வில்லுக்கு இடும் மசகில் கலக்கப்பட்டது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டிச் சேர்த்த இறப்பர், அதிரும் தகட்டைச் சுற்றி மெத்தையாக இடப்பட்ட பொருளாகும். இரத்தினபுரி, இறக்குவானைப் பகுதிகளில் தோட்டங்களை அடுத்த வயல்களிலும் ஆற்றோரங்களிலும் அகழப்படும் நீலக்கல்லின் இனமே பின்னாளில் ஊசிமுனையாயிற்று.

தொடக்ககால ஊசி எஃகினால் ஆனது. அரக்குடன் கல்தூள் சேர்த்து அழுத்திய 78 சுற்றுத் தட்டின் மீது அது நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாரத்துடன் ஊர்ந்தது. தட்டிலிருந்த கல்தூள் முதற்சில சுற்றுகளிலேயே ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவந்தமையால், ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றுவது கட்டாயமாயிற்று. 1948இல் நுண்பள்ளம் கொண்ட நெடுந்தட்டு வெளிவந்தபோது இம்முறை உதவவில்லை. தேயாத முனையும் சில கிராம் பாரமும் வேண்டப்பட்டன. அம்முனைக்குப் பயன்பட்ட நீலக்கல், பிரெஞ்சு வேதியியலாளர் வெர்நுய் 1902இல் வெளியிட்ட முறையில் உலையில் ஆக்கப்பட்ட செயற்கைக் கல்லாயினும், இரத்தினபுரிக் கல்லும் அதுவும் கொரண்டம் என்னும் ஒரே கனிமமே.

முனையைப் போலவே அதைத் தாங்கும் கையும் ஆராயப்பட்டது. தட்டைச் செதுக்கும் கருவி நேர்கோட்டில் நகர, இசைக்கும் கையோ ஒரு முனையில் ஊன்றி வில்போல் வளைந்து செல்வதால், ஊசி பள்ளத்தில் கோணலாக நின்று ஒலியைச் சிதைக்கிறது. 1924இல் பெர்சி வில்சன் இலண்டன் இதழொன்றில் இச்சிக்கலைக் கணக்கிட்டுக் காட்டினார். 1938இல் லோஃப்கிரனும் 1941இல் பேர்வால்டும் அதைச் செம்மைப்படுத்தினர். கையின் தலையைச் சற்று உள்நோக்கித் திருப்பி, ஊசி நடு அச்சைச் சிறிது தாண்டி நிற்குமாறு பொருத்தினால், தட்டின் மையத்திலிருந்து ஏறத்தாழ 66, 121 மில்லிமீற்றர் தொலைவுகளில் கோணல் முற்றிலும் நீங்கும். ஏனைய இடங்களிலும் அது மிகக் குறையும்.

ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியில் இக்கணக்கு மட்டும் போதாது. ஊசியின் அசைவை மின்னலையாக்கும் கார்ட்ரிட்ஜுகளில் மலிவானவை அக்காலத்தில் ரோஷெல் உப்புப் படிகத்தால் ஆனவையாக இருந்தன. ஈரம் அப்படிகத்தைக் கரைத்துவிடும். ஆனால் மின்சாரம் எட்டாத, தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயன் காம்பராக்களுக்கு இசைத்தட்டு பெரிதும் வானொலி வழியாகவே வந்தது. 1950 செப்டெம்பர் 30இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பின், கொழும்பில் எஸ்.பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்கள் ஒலிக்கச் செய்த திரைப்பாடல் தோட்டப்புறங்களிலும் கேட்டது. அந்நிலையத்தில் ஊசி சரியாக அமைந்திருப்பது எத்தனையோ குடும்பங்களின் செவிக்குரிய காரியமாக இருந்தது. தோட்ட மக்களின் வரலாற்றில் இதற்கு இதுவரை கிடைத்துள்ள இடம் மிகக் குறைவு.

பழைய 78 சுற்றுத் தட்டுகளை வைத்திருப்போர் அவற்றை நெடுந்தட்டு ஊசியால் இசைக்கலாகாது. அவற்றுக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர் ஆரமுள்ள முனை வேண்டும். நெடுந்தட்டு ஊசியின் ஆரம் அதில் மூன்றில் ஒரு பங்கே. பொருத்தமான ஊசி கிடைக்கும் வரை தட்டுகளை ஈரம் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.