பின்னல் ஊசிப் புண்ணியம்

சரித்திரம் என்றால் நமக்கு ஞாபகம் வருவது வாளும் ஈட்டியும் பீரங்கியும்தான். எந்த ராஜா எந்த வருஷம் எந்தக் கோட்டையைப் பிடித்தான் என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோம். அந்தக் கோட்டையைப் பிடிக்கப் போன சிப்பாயின் காலில் என்ன இருந்தது, அதை யார் செய்து கொடுத்தார்கள் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். ஆனால் 1914-இல் ஆரம்பித்த உலக மகாயுத்தத்தில் சேனாதிபதிகளின் தூக்கத்தைக் கெடுத்த பொருள்களில் காலுறையும் ஒன்று. நம் தாத்தாக்கள் மேஜோடு என்று சொன்னார்களே, அதேதான். அந்த மேஜோட்டைச் சுற்றி ஒரு ராணிக்கும் ஒரு தொழிற்சங்கத் தலைவிக்கும் நடந்த விவகாரத்தைப் படித்தபோது, கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு, 'அடடா, இப்படி ஒரு கட்டத்தை நம்மால் கற்பனை செய்ய முடியவில்லையே!' என்று தோன்றியது.

1914 ஆகஸ்டு 4-ஆம் தேதி பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்தது. ஆண்கள் பட்டாளத்தில் சேர ஓடினார்கள். பெண்கள் பின்னல் ஊசியைக் கையில் எடுத்தார்கள். வீட்டுத் திண்ணை, ரயில் வண்டி, நாடகக் கொட்டகை, எங்கே பார்த்தாலும் கம்பளி நூல் உருண்டைதான். ஐந்தாம் ஜார்ஜின் பட்டமகிஷி மேரி ராணி, தையல் வேலைக்காக முன்பே இருந்த தரும சங்கம் ஒன்றைத் தன் பெயரில் விரிவாக்கி, செயிண்ட் ஜேம்ஸ் அரண்மனையிலேயே அதற்கு இடம் கொடுத்தார். ராணியே அழைத்த பிறகு சீமாட்டிகள் சும்மா இருப்பார்களா? சட்டையும் காலுறையும் மலை மலையாகக் குவிய ஆரம்பித்தன.

இங்கேதான் கதையில் முடிச்சு விழுகிறது. யுத்தம் வந்ததும் பணக்கார வீடுகளில் புது கவுனும் புதுத் தொப்பியும் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நாட்டுக்காகச் செய்த சிக்கனம் என்று அவர்களுக்கு அதில் ஒரு திருப்தி. ஆனால் அந்தக் கவுனைத் தைத்தவள், தொப்பிக்குப் பூ வைத்தவள், ரிப்பன் நெய்தவள் எல்லாருக்கும் வேலை போயிற்று. தையலும் பின்னலும் தவிர வேறு தொழில் அறியாத பெண்கள் லண்டன் தெருக்களில் வேலை தேடி அலைந்த அதே வாரங்களில், தையலையும் பின்னலையும் காசு வாங்காமல் செய்து தள்ளிக்கொண்டிருந்தார்கள் சீமாட்டிகள். ஒருத்தி புண்ணியத்துக்குப் பின்னும் ஒவ்வொரு ஜோடிக் காலுறையும், இன்னொருத்தியின் அடுப்பில் ஏறவேண்டிய சோற்றை இறக்கிவிட்டது.

இதைத் துணிந்து எடுத்துச் சொன்னவர் மேரி மக்கார்த்தர். ஸ்காட்லாந்தில் துணிக்கடைக்காரர் மகளாகப் பிறந்தவர். பெண் தொழிலாளர்களுக்காகச் சம்மேளனம் அமைத்தவர். 1910-இல் கிராட்லி ஹீத் என்ற ஊரில், வீட்டுக் கொல்லையில் உலை வைத்துச் சங்கிலி அடித்துக்கொண்டிருந்த ஏழைப் பெண்களைத் திரட்டி, பத்து வாரம் வேலை நிறுத்தம் நடத்தி, கூலியை உயர்த்தி வாங்கிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரை ராணி அரண்மனைக்கு அழைத்துப் பேசினார். ராணியின் பெயரும் மேரி, வந்தவரின் பெயரும் மேரி. ஒருவர் கொடுத்துப் பழகியவர். மற்றவர் கேட்டுப் பழகியவர். தருமம் செய்வதில் இப்படி ஒரு பொல்லாப்பு இருக்கிறது என்பதை ராணி காது கொடுத்துக் கேட்டார். அதுவே பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம். நல்ல காரியம் செய்துகொண்டிருக்கிறவரிடம் போய், 'இதனால் இன்னாருக்குக் கெடுதல்' என்று சொல்லிப் பாருங்கள். அரண்மனை வேண்டாம், நம் தெருவிலேயே வசவு வாங்காமல் திரும்ப முடியாது.

அந்த மாதமே வேலையில்லாத பெண்களுக்காக ஒரு மத்தியக் கமிட்டி ஏற்பட்டது; மக்கார்த்தர் அதன் கௌரவக் காரியதரிசி ஆனார். ராணியின் பெயரால் நிதி திரட்டி வேலைக்கூடங்கள் திறந்தார்கள். கதை இத்துடன் சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அந்தக் கூடங்களில் கூலி வாரத்துக்கு அதிகபட்சம் பத்து ஷில்லிங், அதாவது அரைப் பவுன். 'இது தருமமா, சுரண்டலா?' என்று சில்வியா பங்க்ஹர்ஸ்ட் கடுமையாகத் தாக்கினார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுச் சிறை சென்றவர் அவர்; ராணிக்கும் அஞ்சவில்லை, மக்கார்த்தருக்கும் அஞ்சவில்லை. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பட்டினிக்கு எதிரே பத்து ஷில்லிங் பெரிது. உழைப்புக்கு எதிரே பத்து ஷில்லிங் சிறிது. மக்கார்த்தர் 1921-ஆம் வருஷத்தின் முதல் நாளில், நாற்பதே வயதில் காலமானார்.

இதற்கிடையில் யுத்த முனையில் காலுறையின் அவசியம் நாளுக்கு நாள் வளர்ந்தது. ராணியும், யுத்த மந்திரி கிச்சனர் பிரபுவும் சேர்ந்து 3,00,000 ஜோடிக் காலுறைகளும், 3,00,000 கம்பளி இடுப்புப் பட்டைகளும் வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார்கள். மழைக்காலத்தில் அகழிகளில் முழங்கால் தண்ணீரில் நாள் கணக்காக நின்ற சிப்பாய்களின் பாதம் வீங்கி, மரத்து, அழுக ஆரம்பித்தது. 'அகழிப் பாதம்' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டது. முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேர் அதற்கு ஆளானார்கள். திமிங்கில எண்ணெயைக் காலில் தேய்த்து, தினமும் உலர்ந்த காலுறை மாற்றவேண்டும் என்று உத்தரவு வந்தது. மாற்றுவதற்குக் காலுறை இருந்தால்தானே மாற்றலாம்? வெடிகுண்டுத் தொழிற்சாலை போலவே ஊசி பிடித்த கைகளும் ஓயாமல் வேலை செய்யவேண்டியதாயிற்று.

காலுறை பின்னுவது ஏதோ பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஊசியில் மப்ளர் பின்னிவிடலாம். காலுறைக்கு இரு முனையும் கூரான நாலைந்து ஊசி வேண்டும். மேலே கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும்படி மடிப்புப் பின்னல். பிறகு குதிகாலில் திருப்பம். பழகாதவர்கள் அழுதுவிடும் இடம் அதுதான். பிறகு பாதம், கடைசியில் விரல் நுனியில் கண்ணிகளைக் குறைத்து மூடவேண்டும். மூடும் இடத்தில் தையல் மேடிட்டால், இருபது மைல் நடந்த பிறகு அந்த மேடு கொப்புளமாகும், கொப்புளம் புண்ணாகும். மேடே தெரியாமல் கண்ணியோடு கண்ணியாக இணைக்கிற ஒரு முறைக்கு இன்றைக்கும் கிச்சனர் பெயர்தான் வழங்குகிறது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தி அசிரத்தையாகப் போட்ட ஒரு முடிச்சு, முகம் தெரியாத ஒருவனை நொண்ட வைத்துவிடும். அளவு தவறி வந்த காலுறைகளைப் பற்றிச் சிப்பாய்கள் கேலிப் பாட்டுக் கட்டினார்கள். காலுறைக்குள் பெயரும் விலாசமும் எழுதிச் செருகி அனுப்பிய பெண்களுக்கு, அகழியிலிருந்து நன்றிக் கடிதங்களும் வந்தன. அப்படி வந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு இன்னொரு கடிதம் வராமலே போனால், அந்தப் பெண் அடுத்த ஜோடியை எந்த மனத்தோடு ஆரம்பித்திருப்பாள்!

கொடுக்கிற தருமம் ஒரு வகை என்றால், கற்றுக்கொடுக்கிற தருமம் இன்னொரு வகை. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. வேறு ஆகாரம் அறியாத ஜனங்கள். சில வருஷங்களுக்குள் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அத்தனை பேர் கப்பலேறினார்கள். அந்தச் சமயத்தில் கார்க் நகரத்துக் கன்னிமாடத்தில் இருந்தவர்களும், குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியார் மனைவியான கஸாண்டிரா ஹாண்டும், ஏழைப் பெண்களுக்குக் குரோஷா பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். ஏன் குரோஷா? முதல் வேண்டாம். ஒரு கொக்கி ஊசி, கொஞ்சம் பருத்தி நூல், இவ்வளவுதான். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த லேஸைப் பார்த்து, அதைப்போலவே ரோஜாவும் இலையும் கொடியும் கொக்கி ஊசியால் பின்னினார்கள். குடும்பத்துக்கு ஒரு பூ உண்டு. அதைப் பின்னும் வழியை அடுத்த வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். புகை சூழ்ந்த குடிசையில் பின்னப்பட்ட அந்த லேஸ், வெளுத்துச் சலவை செய்யப்பட்டுச் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டியில் ஏறிற்று. அந்தக் காசில் வீட்டு வாடகை கொடுத்தவர்கள் உண்டு. அமெரிக்காவுக்குக் கப்பல் கட்டணம் சேர்த்தவர்களும் உண்டு. பிற்காலத்தில் யந்திர லேஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கியது என்றாலும், பசித்த வேளையில் அது செய்த உபகாரத்தை மறுக்க முடியாது.

அயர்லாந்துக்குப் போவானேன்? அதற்கும் முன்னாலேயே நம் நாகர்கோவிலில் இது நடந்திருக்கிறது. 1819-இல் அங்கே வந்த மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்குத் திண்டின்மேல் நூல் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் மனிதர்களை அடிமைகளாக விற்று வாங்கிய காலம் அது; 1855-இல்தான் அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் விற்ற காசைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் அங்கே இருந்தார்கள். ஒரு நூல் கண்டு இதைவிடப் பெரிய காரியம் எதைச் செய்துவிட முடியும்?

நம் தேசத்திலும் காலுறைக் காலம் ஒன்று வந்தது. 1962 அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டியபோது, சமவெளியிலிருந்து இமயத்துக்கு அவசரமாக அனுப்பப்பட்ட நம் ஜவான்கள் பலருக்குக் குளிருக்கு ஏற்ற உடுப்பில்லை. நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தார்கள். கம்பளியே தேவைப்படாத ஊர்களிலும் கம்பளி நூலுக்குக் கிராக்கி ஏற்பட்டது.

வெயிலுக்குப் பெயர் போன சென்னையில்தான், 2016 ஜனவரி 31-ஆம் தேதி, அன்றைய தேதியில் உலகத்திலேயே பெரிய குரோஷாப் போர்வையை விரித்துக் காட்டினார்கள். பரப்பு 11,148.5 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர். நூற்றுக்கணக்கான பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகளை இணைத்துச் செய்தது. சாதனை பதிவான பிறகு அதைப் பிரித்துப் போர்வை போர்வையாக இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். சாதனையைவிட அந்தப் பிரித்தல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறாள். காலைச் சமையல் முடிந்து, கூடத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பன்னிரண்டு மணி வரை குரோஷா ஊசி ஓயாது. பேச்சுக் கொடுத்தால் பதில் வரும். கண்ணி எண்ணும்போது மட்டும் வராது. அரசாங்க ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குல்லாய் பின்னுகிறாள். முதலில் அவளும் பளபளவென்ற கம்பளி நூலில், குஞ்சலம் வைத்துத்தான் பின்னினாளாம். ஒரு நர்ஸ், "மாமி, ரோமம் உதிருகிற நூல் வேண்டாம். பருத்தி நூலா இருக்கட்டும். குஞ்சலமும் வேண்டாம். துவைச்சா தாங்கணும்" என்றாளாம். மாமி கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சிறிய சாத்துக்குடியைத் தேர்ந்தெடுத்தாள். குறைமாதக் குழந்தையின் தலை அந்த அளவுதான் இருக்குமாம். பின்னிய ஒவ்வொரு குல்லாயையும் அதன்மேல் மாட்டிப் பார்த்துத்தான் மூட்டை கட்டுகிறாள். பழம் வாடினால் வேறு வாங்குகிறாள்.

"இதையெல்லாம் மிஷினில் மலிவாகப் பண்ணிவிடுகிறார்களே, மாமி?" என்று ஒரு நாள் கேட்டேன். "பண்ணட்டுமே. அங்கே இருக்கிறதா என்று போனவாரம்கூடக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். இல்லை என்றார்கள்" என்றாள்.

மேரி ராணி 1914-இல் அரண்மனைக்கு ஆள் அழைத்துத் தெரிந்துகொண்டதும் ஏறக்குறைய இதுதான். கொடுப்பதற்கு முன்னால் கேட்கவேண்டும்: வாங்குகிறவனுக்கு இது வேண்டுமா, அவன் அளவு என்ன, இதனால் வேறு யாருடைய கை வேலை இழக்கிறது? இந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு ஊசியை எடுக்கிறவர்களின் பெயர்கள் சரித்திரப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அதைப்பற்றி அவர்களுக்கு விசாரமும் இல்லை. அடுத்த வரிசையில் எத்தனை கண்ணி என்பதுதான் விசாரம்.