குகைகளின் வயதும் மனிதர் வந்த வழியும்

எம்மில் பலர் பள்ளியில் இலங்கை வரலாற்றை விஜயன் வந்திறங்கிய கதையிலிருந்தே படிக்கத் தொடங்கினோம். அதற்கு முன் இயக்கரும் நாகரும் வாழ்ந்தனர் என்று ஒரு வரி வரும். அடுத்த வரியில் கப்பல் கரையைத் தொட்டுவிடும். அந்த ஒரு வரிக்குள் ஏறக்குறைய 45,000 ஆண்டுகள் அடங்கியிருந்தன என்பதை எமது நாட்டு மழைக்காட்டுக் குகைகள் இன்று சொல்கின்றன. இந்தக் கணக்கு எவ்வாறு கிடைத்தது, மனிதகுலத்தின் நெடும் பயணத்தில் அதன் இடம் என்ன என்பவற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

மூன்று குகைகள்

களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகே பாஹியன் குகை இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாஹியன் இங்கு தங்கினார் என்ற ஐதிகத்தால் வந்த பெயர் அது. இரத்தினபுரி மாவட்டத்தில் குருவிட்டவுக்கு அருகே உள்ளது பட்டதொம்பலென. கித்துல்கலையில் உள்ளது பெலிலென. மூன்றுமே ஈரவலயத்தைச் சேர்ந்தவை.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர், தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கிய பி.ஈ.பி. தெரணியகல. பாடநூலில் நாம் படித்த ‘பலாங்கொடை மனிதன்’ அவர் இட்ட பெயர். அவருடைய மகன் சிரான் தெரணியகல தொல்லியல் திணைக்களத்தில் பணியாற்றி, குகைத் தரைகளைப் படைபடையாக அகழ்ந்தார். ஒவ்வொரு படையிலும் கிடைத்த அடுப்புக் கரியைக் காலக்கணிப்புக்கு அனுப்பினார். இலங்கையின் வரலாற்றுக்கு முற்பட்ட காலம் பற்றிய அவரது பெருநூல் 1992இல் வெளிவந்தது.

கரித்துண்டில் காலம்

உயிருள்ள மரம் காற்றிலிருந்து காபன்-14ஐப் பெற்றுக்கொண்டே இருக்கும். மரம் மடிந்ததும் வரவு நின்றுவிடும். உள்ளிருப்பது மட்டும் தேய்ந்துகொண்டு போகும். 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும். இன்னொரு 5,730 ஆண்டுகளில் அந்தப் பாதியும் பாதியாகும். எஞ்சியதை அளந்தால், அந்த மரம் மடிந்து எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லலாம். வில்லார்ட் லிபி என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் தம் குழுவினருடன் 1949இல் இம்முறையை உலகுக்கு அறிவித்தார். 1960இல் அதற்காக நொபெல் பரிசு பெற்றார்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் 40,000 ஆண்டுகள் கழிந்த கரியில் ஆரம்பத்தில் இருந்த காபன்-14இல் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மழைநீரோடு கசிந்தோ, வேரோடு நுழைந்தோ புதிய காபன் நூற்றுக்கு ஒன்று கலந்துவிட்டால், அந்தக் கரி ஏறத்தாழ 33,000 ஆண்டு வயதையே காட்டும். ஏழாயிரம் ஆண்டுகள் காணாமற் போய்விடும்! அதனால்தான் கரியை அமிலத்தாலும் காரத்தாலும் கழுவுகிறார்கள். ஒரு கரியை மட்டும் நம்பாமல் பல படைகளிலிருந்தும் மாதிரி எடுத்து, கீழ்ப்படை மேற்படையிலும் மூத்ததாக வருகிறதா என்று ஒப்பிடுகிறார்கள். இம்முறையின் எல்லை ஏறக்குறைய 50,000 ஆண்டுகள். அதற்கு அப்பால், மணற்துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணிக்கும் ஒளிர்வு முறை போன்றவை வேண்டும்.

பாஹியன் குகைக்கு நெடுங்காலம் ஏறக்குறைய 38,000 ஆண்டு என்றே சொல்லப்பட்டு வந்தது. ஒஷான் வெடகே, பற்றிக் ரொபேட்ஸ் ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட புதிய கணிப்பு அதனை 48,000 வரை பின்னோக்கிக் கொண்டுசென்றது.

வந்த வழி

ஆபிரிக்காவில் தோன்றிய எமது இனம் ஆசியாவினூடாக அவுஸ்திரேலியா வரை பரவியது. கடலோரமாகவே நடந்தார்கள் என்பது ஒரு கருத்து. அடர்ந்த மழைக்காடு வேட்டையாடி வாழ்வோருக்கு ஏற்றதல்ல, பயிர்ச்செய்கை வரும்வரை அங்கே மனிதர் நிலைத்து வாழ்ந்திருக்க முடியாது என்பது அறிஞர் பலரின் எண்ணம். இந்த எண்ணத்தை அசைத்தவை எமது குகைகள்தாம்.

பாஹியன் குகையின் எலும்புகளில் மிகுதியானவை குரங்குகளுடையவையும் மரஅணில்களுடையவையும். மரவுச்சியில் தாவும் குரங்கைத் துரத்திப் பிடிக்க முடியாது. கருவி வேண்டும், பழக்கம் வேண்டும். குவாட்ஸ் கல்லில் செதுக்கிய நுண்கற்கருவிகளும் கூராக்கிய எலும்பு முனைகளும் அங்கே கிடைத்தன. அம்முனைகளுட் சில அம்பு முனைகளாகப் பயன்பட்டிருக்கலாம் என 2020இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். இக்குகைகளுட் சில உட்பட நான்கு இடங்களில் கிடைத்த 26 பேரின் பற்களிலுள்ள காபன், ஒட்சிசன் சமதானிகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வும், அவர்களின் உணவு பெரும்பாலும் காட்டிலிருந்தே வந்தது என்று காட்டியது.

ஆயினும் காட்டவர் கடலை அறியாதவர் அல்லர். கடலிலிருந்து பல மைல் உள்ளே இருக்கும் பட்டதொம்பலெனவில் கடற்சிப்பி மணிகள் கிடைத்துள்ளன. யாரோ கொண்டுவந்தார்கள், யாரோ கோத்து அணிந்தார்கள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த அக்காலத்தில் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாக இணைந்திருந்தன. இத்தீவுக்குக் கால்நடையாகவே வரலாம்.

எமக்குச் சொல்வது

இந்த நாட்டில் ‘யார் முதலில் வந்தார்’ என்ற கேள்வி எவ்வளவு கசப்பை விதைத்தது என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். எம்மிற் பலர் இன்று பல நாடுகளில் சிதறி வாழ்வதற்கும் அக்கசப்பு ஒரு காரணம். குகையின் எலும்புகள் எந்த மொழியையும் பேசவில்லை. சிங்களம், தமிழ் என்ற பெயர்கள் பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே அவர்கள் இங்கே அடுப்பு மூட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், இறந்தவரை அடக்கம் செய்தார்கள். அவர்களும் வேறெங்கிருந்தோ நடந்து வந்தவர்களின் வழிவந்தவர்களே. வந்தவர், இருந்தவர் என்று பிரிக்கப் புறப்பட்டால் கடைசியில் எல்லோரும் வந்தவர்களாகவே நிற்போம்.

பிள்ளைகளுடன் விடுமுறைக்கு ஊர் வரும் தோழிகள் ஒரு நாளைப் பாஹியன் குகைக்கென ஒதுக்கலாம். கொழும்பிலிருந்து சென்று ஒரே நாளில் திரும்பலாம். அந்தப் பாறைக் கூரையின் கீழ் நின்று, 48,000 என்ற எண்ணை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.