வேலூர், ஆம்பூர் தோல் பகுதியில் கொதிகலனும் வெப்பக் கட்டுப்பாடும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். 2019 வரை இவை அனைத்தும் வேலூர் மாவட்டத்துக்குள் இருந்தன. இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் உள்ளன. இப்பகுதித் தோல் தொழிலின் வரலாறு பெரும்பாலும் தண்ணீரின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதே அளவுக்கு அது நெருப்பின் வரலாறும் ஆகும்.

குளிர்நாடுகளில் எண்ணெயில் எரியும் வீட்டுக் கொதிகலன் அறைகளைச் சூடாக்குகிறது. அதன் வெப்பத்தை இன்று கைபேசியிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வேலூரில் அறையைச் சூடாக்கும் தேவை யாருக்கும் வந்ததில்லை. இங்கே வீட்டுக் கொதிகலன் என்றால் குளியலறை மூலையில் நின்ற செப்புப் பாய்லர்தான். நடுவில் குழாய், அதில் கரியோ விறகோ, சுற்றிலும் தண்ணீர். வெப்பமானி கிடையாது. விரலை நனைத்துப் பார்த்துப் பதம் சொன்னார்கள். தோல் ஷாப்புகளிலும் நெடுங்காலம் அதுவே முறையாக இருந்தது.

சூடு தேவைப்படாத காலம்

19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்திலிருந்து ஏற்றுமதியான பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா தோல்' அல்லது சுருக்கமாக 'ஈ.ஐ. தோல்' எனப்பட்டது. ஆவாரம்பட்டை இதன் முதன்மைப் பொருள். தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடியையும் சதையையும் நீக்கினர். பிறகு ஆவாரம்பட்டை நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, கடுக்காய் நீரில் முக்கி, எண்ணெய் தடவி உலர்த்தினர். பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் பட்டை பெருமளவு பிடித்துக்கொண்டது.

இந்த முறைக்குக் கொதிகலன் தேவையில்லை. கிணற்று நீர் இருந்த சூட்டிலேயே வேலை நடந்தது. உலர்த்துவதை வெயிலும் நிழலும் பார்த்துக்கொண்டன. பாலாற்று மணலுக்கடியில் கிடைத்த நீரைப் போலவே இப்பகுதியின் வெயிலும் தொழிலின் இலவச மூலதனமாக இருந்தது. காலம் மட்டும் அதிகம் பிடித்தது.

குரோமும் வெந்நீரும்

குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையை மதராஸ் மாகாணத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சோதித்துப் பரப்பினார். 1912இல் பல்லாவரம் அருகே சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரே குரோம்பேட்டை என்னும் ஊருக்கு வந்தது. வடஆற்காட்டில் இம்முறை மெதுவாகவே பரவியது. இங்கிருந்த வியாபாரிகளுக்கு ஈ.ஐ. தோலும் பாதி பதனிட்ட தோலும் போதிய வருவாய் தந்தன.

நிலைமையை மாற்றியது அரசின் ஏற்றுமதிக் கொள்கை. சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து கச்சாத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. முழுமையாக்கிய தோலையும் காலணியையும் விற்றால்தான் பிழைப்பு என்ற நிலையில் ஆம்பூரும் வாணியம்பாடியும் தங்கள் ஷாப்புகளை மாற்றியமைத்தன. 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்குத் தொழில்நுட்பத் துணையாக இருந்தது. குழிகளின் இடத்தில் சுழலும் மர டிரம்கள் வந்தன. டிரம்களோடு கொதிகலனும் வந்தது.

சூடு ஏன் தேவைப்பட்டது என்பதற்குத் தோலின் இயல்பே விடை. தோல் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. பதனிடாத ஈரத்தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகையில் சுருங்கிவிடும். மேலும் சூடாக்கினால் பசையாகும். பட்டையில் பதனிட்ட தோல் 75 முதல் 85 பாகை வரை தாங்கும். குரோமில் நன்கு பதனிட்டது கொதிநீரையும் தாங்கும். ஷாப்புகளில் இன்றும் செய்யப்படும் கொதிநீர்ச் சோதனை இதைக் கொண்டே அமைந்தது: தோலின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, அதன் வடிவைத் தாளில் வரைந்துகொண்டு, கொதிக்கும் நீரில் சில நிமிடம் போடுகிறார்கள். எடுத்து வரைபடத்தின் மேல் வைக்கும்போது சுருங்கியிருந்தால் குரோம் உள்ளே ஏறவில்லை என்று பொருள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சூடு உண்டு. சுண்ணாம்பு நீக்கிய தோலை நொதியால் மென்மையாக்கும் 'பேட்டிங்' 35 முதல் 37 பாகையில் நடக்கிறது. சில பாகை கூடினால் தோலின் மேற்பரப்பு அழியும். குறைந்தால் வேலையே நடக்காது. சாயமேற்றவும் எண்ணெய் ஊட்டவும் 50 முதல் 60 பாகை வேண்டும். வெற்றிட உலர்த்தியின் தகடுகளுக்கும் இஸ்திரி எந்திரங்களுக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். பேட்டிங் முடிந்ததா என்பதை அனுபவமுள்ள தொழிலாளி தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் பதிவு மறையாமல் நின்றால் பதம் சரி. வெப்பமானி டிரம்முக்கு வந்த பிறகும் இந்தக் கட்டைவிரல் ஓய்வு பெறவில்லை.

விறகு தந்த சிக்கல்

கொதிகலன் நுழைந்த இடத்தில் சட்டமும் நுழைந்தது. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்து 13 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுக்குச் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு ஒன்றாக இருந்த சட்டங்களை ஒன்றாக்கி 1923இல் இந்தியக் கொதிகலன்கள் சட்டம் இயற்றப்பட்டது. நூறாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்த அதன் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்துள்ளது. பதிவு, ஆய்வு, சான்றிதழ், தகுதி பெற்ற பாய்லர் ஆள் ஆகியவை இச்சட்டங்களின் அடிப்படை. நீராவி அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்துவிடும் காப்பு வால்வும், நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயும்தான் ஷாப்புகள் முதலில் அறிந்த 'தானியங்கிக் கட்டுப்பாடு'.

வீட்டுக் கொதிகலனைக் கைபேசியால் ஆள முடிவதற்குக் காரணம் கருவியின் அறிவு மட்டுமன்று. எரிபொருளின் பணிவும் ஆகும். எண்ணெயும் எரிவாயுவும் ஒரு சைகையில் பற்றும், மறு சைகையில் அணையும். விறகு அப்படியன்று. சீமைக் கருவேல விறகின் ஈரம் மழைக்காலத்தில் ஒரு விதம், கோடையில் வேறு விதம். உலைக்குள் போட்ட கட்டை எரிந்து முடியும் வரை சூடு தந்துகொண்டே இருக்கும். விசிறியின் வேகத்தையும் காற்றுக் கதவையும் கருவி மாற்றலாம். அடுத்த கட்டையை எப்போது போடுவது என்பதைப் பெரும்பாலும் ஆள்தான் முடிவு செய்கிறார். விறகு மலிவு என்பதால் அதுவே நிலைத்தது. வெந்நீரை மட்டும் கூரையில் வைக்கும் சூரியப் பலகைகளால் பெற முடியும். 60 பாகைக்குள் வேண்டிய நீருக்கு அவை பொருத்தமானவை. நீராவிக்கு அவை போதா.

நீதிமன்றம் கேட்ட கணக்கு

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் குல்தீப் சிங், பைசான் உத்தின், கே. வெங்கடசாமி ஆகியோர் வழங்கிய அத்தீர்ப்பு, மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் பகுதியில் சுமார் 35,000 எக்டர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானது என்றும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1996 நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு வசதி செய்தாக வேண்டும் என்றும் உத்தரவானது. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய இடங்களில் இயங்கிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் குரோமியத்தையும் அழுகும் பொருள்களையும் பிரித்தன. கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க முடியவில்லை. கச்சாத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு தடவப்படுகிறது. ஊறவைக்கும் முதல் நீரிலேயே அது இறங்கிவிடும். அந்த நீரைத் தனியே பிரித்துச் சூரியப் பாத்திகளில் வற்றவைத்தனர். வெயில் மறுபடியும் தொழிலுக்கு உழைத்தது, மழைக்காலத்தில் கைவிட்டது. கழிவுநீரில் கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது வரம்பு. பாதிப்புக்குள்ளான கிணறுகளுக்கு அந்த உப்புதான் உண்மையான பகை.

தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தீர்த்தல்

இதற்கு விடையாக வந்தது, ஒரு சொட்டும் வெளியேற்றாத முறை. சுத்திகரித்த நீரைச் சவ்வுகள் வழியாக அழுத்தி நல்ல நீரைப் பிரித்துத் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்புவார்கள். எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து உப்பாக்குவார்கள். தோலுக்காக வந்த கொதிகலன் இப்போது கழிவுக்காகவும் எரியத் தொடங்கியது.

செலவு எங்கே விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டே காணலாம். கொதிநிலையில் உள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு டன் நீருக்கு 5,40,000. ஒரு கிலோ விறகு 3,500 கிலோ கலோரி தந்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு நீராவியில் சேர்கிறது என்று கொண்டால், ஒரு டன் உப்புநீருக்கு 230 கிலோ விறகு எரிய வேண்டும். இதைத் தாங்க முடியாது என்பதால்தான் பல அடுக்கு ஆவியாக்கி பயன்படுகிறது. முதல் கலத்தின் ஆவி, அழுத்தம் குறைந்த அடுத்த கலத்தைக் கொதிக்கவைக்கும். நான்கு கலம் இருந்தால் விறகு ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். அப்போதும் அது சிறிய ஷாப்புக்குப் பெருஞ்சுமையே. கடைசியில் கிடைக்கும் கலப்பு உப்பு எதற்கும் உதவாமல் கொட்டகைகளில் குவிகிறது.

இங்கு வெப்பக் கட்டுப்பாடு என்பது சிக்கனக் கருவி. நீராவி அழுத்தம், கலங்களின் வெப்பநிலை, உப்புநீரின் அடர்த்தி ஆகியவற்றைத் தொடர்ந்து அளக்காவிட்டால் குழாய்களில் உப்பு படியும். படிந்த உப்பு வெப்பத்தைத் தடுக்கும், விறகு கூடும்.

பார்க்கும் கருவிகள்

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. தோல் பதனிடுதலும் அந்த 17இல் ஒன்று. எதையும் வெளியேற்றாத நிலையங்கள் நீரோட்ட அளவியும் கேமராவும் வைத்தால் போதும் என்றாயிற்று. ஒன்றும் ஓடவில்லை என்பதைக் காட்டவும் ஒரு கேமரா தேவைப்பட்டது.

கருவிகள் அளப்பதை மட்டுமே சொல்லும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். குழாய் முனையின் அமில காரத்தன்மையை நொடிக்கு நொடி சொல்லும் கருவிக்குச் சுவரின் பாரம் தெரியாது. தொட்டிக்குள் இறங்குபவரைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் அப்படித்தான். சுண்ணாம்புக் கட்டத்தின் சல்பைடு அமிலக் கழிவோடு சேரும்போது பிறக்கும் அந்த வாயுவைக் காட்டும் சிறு கருவி, ஆவியாக்கியின் ஒரு வால்வைவிட மலிவானது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, வேலூர்ப் பகுதித் தோல் கழிவு வழக்கில் மீண்டும் தீர்ப்பளித்தது. நிர்ணயித்த இழப்பீட்டை வழங்கவும், பாலாற்றின் சீரமைப்பைக் கண்காணிக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் அது உத்தரவிட்டது. 1991இல் தொடங்கிய வழக்கின் கோப்பு இன்னும் மூடப்படவில்லை.