தபால் தலையில் காப்பி வாசனை

2017 ஏப்ரல் 23ஆம் தேதி பெங்களூரில் இந்தியத் தபால் இலாகா ஒரு தபால் தலையை வெளியிட்டது. விஷயம் காப்பி. விலை 100 ரூபாய். விரலால் லேசாகத் தேய்த்தால் காப்பி வாசனை வரும். பத்திரிகைகள் இதை ஒரு விநோதச் செய்தியாகப் போட்டுவிட்டு மறந்துவிட்டன. தபால் தலை, ஓர் அரசாங்கம் தன்னைப் பற்றி மிகச் சிறிய இடத்தில் எழுதிக்கொள்ளும் சரித்திரம். அதில் யார் முகம் வருகிறது, யார் முகம் வருவதில்லை என்று பார்க்க நமக்குப் பழக்கம் இருக்கிறது. வாசனை விஷயத்திலும் அதே கேள்வியைக் கேட்கலாம் என்று எனக்குப் படுகிறது.

காப்பிக்கு முன்னால் இலாகா மூன்று வாசனைகளை வெளியிட்டிருக்கிறது. 2006இல் சந்தனம், 2007இல் ரோஜா, 2008இல் மல்லிகை. கல்யாண வீட்டு வாசலில் தட்டு வைத்துக்கொண்டு நிற்பவர்கள் தரும் வரிசை ஏறக்குறைய இதுதான். உள்ளே போய் உட்கார்ந்ததும் நாலாவதாக வருவது காப்பி. இலாகாவில் யாரோ ஒருவர் தமிழ்க் கல்யாணத்துக்குப் போய்வந்திருக்க வேண்டும்.

இந்த மாதிரித் தலைகளில் வாசனை எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத உறைகளில் அடைத்துக் காகிதத்தின் மேல் பூசுகிறார்கள். தேய்க்கும்போது உறை உடைகிறது. சந்தனத்தையும் மல்லிகையையும் இப்படி அடைப்பதில் குழப்பம் ஒன்றுமில்லை. மரத்திலும் பூவிலும் இருப்பதே காகிதத்துக்கு வருகிறது. காப்பி விஷயம் வேறு. காப்பிச் செடிக்குக் காப்பி வாசனை கிடையாது. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்த சில நாட்களுக்குள் குடகிலும் சிக்மகளூரிலும் செடிகள் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூவின் மணம் மல்லிகையை ஒத்தது. பழம் பறித்துத் தோலுரித்து ஊறவைக்கும் தொட்டிகளில் எழுவது புளித்த நெடி. காயவைத்த பச்சைக் கொட்டையை முகர்ந்தால் புல்லும் சாக்கும்தான் மூக்குக்குத் தெரியும். நாம் காப்பி என்று அறிகிற வாசனை, கொட்டை தோட்டத்தை விட்டுக் கிளம்பி ஊருக்கு வந்து, கடைக்காரர் அதை வறுக்கும்போது பிறக்கிறது. தோட்டத்தில் பழம் பறித்தவளின் வேலை முடிந்து பல மாதம் ஆன பிறகு வருகிற வாசனை அது. ஆகவே இந்தத் தபால் தலை குடிக்கிறவன் பக்கத்திலிருந்து தயாரிக்கப்பட்டது. (அதுவும் சிக்கரி கலக்காத காப்பி குடிக்கிறவன். நம் ஊரில் அவன் சிறுபான்மை.)

காப்பி விளையும் நாடுகளின் தபால் தலைகளில் வழக்கமாக வருவது கிளை, சிவந்த பழம், கூடை. வாங்கிக் குடிக்கும் நாடுகள் கோப்பையைப் போடுகின்றன. 2021 ஏப்ரலில் அமெரிக்கத் தபால் துறை நான்கு கோப்பைகளை வெளியிட்டது: எஸ்பிரஸோ, லாட்டே, மோக்கா, காப்பச்சினோ. பழுப்பு வண்ணங்களில், பார்க்க அழகான தலைகள். ஹவாயை விட்டால் சொல்லும்படியாகக் காப்பி விளையாத தேசம் அது. மோக்கா என்பது யேமன் நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயர். உலகத்துக் காப்பியெல்லாம் ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் போயிற்று. சாக்லேட் கலந்த பானத்தின் பெயராக அந்த ஊர் அமெரிக்கக் கடிதங்களின் மேல் ஏறிய வருஷத்தில் யேமனில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

இந்தியா விளைவிக்கும் நாடாக இருந்தும் குடிக்கிறவன் மூக்கைத் தேர்ந்துகொண்டது. பிரேஸிலும் நமக்கு முன்பே, 2001இல், காப்பி மணக்கும் தபால் தலை வெளியிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1999இல், காட்டுத் தீயைத் தடுக்கச் சொல்லி அது வெளியிட்ட தலைகளில் எரிந்த மரத்தின் வாசனை. இந்த இரண்டு வாசனைகளையும் சேர்த்து முகர்ந்தால் கிடைக்கும் மூன்றாவது வாசனைக்கு எந்தத் தபால் தலையும் கிடையாது. 1931 முதல் 1944 வரை, விலை சரியாமல் தடுக்க, பிரேஸில் தன் காப்பியையே அழித்தது. பெரும்பகுதியை எரித்தார்கள். மூட்டைக்கு 60 கிலோவாக ஏறத்தாழ 7 கோடியே 80 லட்சம் மூட்டைகள். ரயில் எஞ்சின்களில்கூடக் காப்பிக் கொட்டையைப் போட்டு எரித்துப் பார்த்தார்கள்.

அதே மந்தம் இங்கும் வந்தது. எரிக்கும் அளவுக்கு நம்மிடம் காப்பி இல்லை. ஆகவே ஜனங்களைக் குடிக்கவைப்பது என்று முடிவாயிற்று. 1935இல் காப்பிக்கு வரி போட்டு ஒரு கமிட்டி. 1936இல் பம்பாயில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ். யுத்தம் வந்து ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டதும் 1942ஆம் வருஷச் சட்டம், காப்பி போர்டு. தோட்டக்காரர்கள் விளைச்சலைப் போர்டிடம் ஒப்படைக்க, போர்டு மொத்தமாக விற்றுப் பங்கு தரும். இந்த ஏற்பாடு 1990களில் படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முடிந்தது. வடக்கே காப்பி ஒரு அரசாங்கப் பழக்கமாகப் பரவிற்று என்றால் அதிக மிகையில்லை. கல்கத்தா, டில்லி எழுத்தாளர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து தங்கள் நவீனத்துவத்தைப் பேசித் தீர்த்த மேஜைகள், மிஞ்சிய கொட்டையைச் செலவழிப்பதற்காகப் போட்ட மேஜைகள்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் போதனை அவசியமாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே நடுத்தர வர்க்க வீடுகளில் காப்பி புகுந்துவிட்டது. பழைய சோற்றையும் நீராகாரத்தையும் தள்ளிவிட்டு வந்த இந்த வஸ்துவைக் கண்டித்து எழுதினவர்களும் அதைக் குடித்துவிட்டே எழுதினார்கள். வீட்டை விட்டு அது வெளியே வந்தபோது வந்து சேர்ந்த இடம் காப்பி ஹோட்டல். அதன் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதியிருக்கும். பல ஹோட்டல்களில் உட்காரும் இடமே ஜாதிப்படி பிரிந்திருந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்கு உள்ளே இடமே இல்லை. காப்பி வறுக்கும் வாசனை மட்டும் தெருவில் போகிற எல்லோருக்கும் கிடைத்தது. வாசலில் நின்று அதை முகர்ந்துவிட்டுப் போனவர்களின் சரித்திரத்தை எழுத நம்மிடம் அதிகம் சான்றுகள் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

1957இல் பெரியார் அந்தப் பலகையின் மேல் கை வைத்தார். சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். அவர்கள் கேட்டது ஒரு சொல்லை அழிக்க வேண்டும் என்பது மட்டுமே. காப்பியைப் பற்றித் தமிழில் நடந்த கனமான விவாதம் என்று நான் இதைத்தான் சொல்வேன். ருசியைப் பற்றி நாம் எழுதிக் குவித்ததெல்லாம் இதற்கு அப்புறம்தான். அதே 1957இல், நஷ்டம் என்று காப்பி போர்டு மூடத் தொடங்கியிருந்த காப்பி ஹவுஸ்களை, ஏ.கே. கோபாலன் தூண்டுதலில், வேலை போன பரிசாரகர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெங்களூரில் முதல் சங்கம் அமைந்தது அந்த ஆகஸ்டில். அறுபது வருஷம் கழித்து அதே ஊரில்தான் தபால் தலை வெளியாயிற்று.

2017இல் ஒரு சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய்த் தலை போதும். போஸ்ட் கார்டு 50 பைசா. 100 ரூபாய்த் தலை எந்தக் கடிதத்தின் மேலும் ஏறப்போவதில்லை. அது சேகரிப்பவனின் ஆல்பத்துக்குப் போகும். தேய்த்தால் மணம் தீர்ந்துவிடும் என்பதால் அவன் தேய்க்கவும் மாட்டான்.

காப்பித் தோட்டங்களுக்கும் காகிதத்துக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. 1859ஆம் வருஷத்து 13ஆவது சட்டப்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத கூலியைச் சிறைக்கு அனுப்பலாம். வயநாட்டிலும் நீலகிரியிலும் துரைமார் இதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். கடலுக்கு அப்பால் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு 1820கள் தொட்டே தமிழ் ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் நடந்து போனார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அங்கே அழிந்தது. தேயிலை வந்தது. கங்காணி இருந்தான், கடன் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிற கூலிக்கு, தீர்க்க வேண்டிய கடன் இவ்வளவு என்று துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுக்கு இங்கிலீஷ் ரிக்கார்டுகளிலும் தமிழ்ப் பெயர்தான்: துண்டு. 1921இல் அதைச் சட்டம் போட்டு எடுத்தார்கள்.